புல் வெட்டும் நாள்: நகரப் பூங்காக்களுக்கு ஒரு பருவ ஏடு வேண்டும்

நகரங்களில் பூங்காக்கள் எதற்காக அமைக்கப்படுகின்றன என்று வினவினால், மக்கள் உலாவுவதற்கும், குழந்தைகள் விளையாடுவதற்கும், நெருக்கமான குடியிருப்புகளுக்கிடையே நல்ல காற்று கிடைப்பதற்கும் என்று யாவரும் விடை கூறுவர். இவ்விடை சரியானதே. ஆனால் இவற்றோடு வேறொரு பயனும் பூங்காக்களுக்கு உண்டு. பருவங்களின் போக்கைக் கண்டறிந்து குறித்து வைப்பதற்கு நகர மக்களுக்கு வாய்த்துள்ள மிக எளிய ஆராய்ச்சிக் களம் பூங்காவே ஆகும். எந்தக் காட்டுச் செடி எந்த வாரத்தில் பூத்தது, எந்தப் பூச்சி எந்த நாளில் முதன்முதலாகத் தோன்றியது என்பவற்றை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் நடக்கும் பொறுமையும் போதும்.

இப்பயனை நாம் முழுமையாகப் பெறாமல் இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. பார்ப்பவர் சிலரே என்பது ஒன்று. பார்க்கத்தக்கவை பூத்து முடிவதற்குள் அவற்றை வெட்டி அகற்றிவிடுகிறோம் என்பது மற்றொன்று. பூங்காக்களில் புல் வெட்டும் நாளைப் பெரும்பாலும் வேலைப் பட்டியலே முடிவு செய்கிறது. அங்கே வளரும் செடியின் நிலையும், அதனை அண்டி வாழும் பூச்சியின் நிலையும் கருதப்படுவதில்லை. இம்முறை மாற வேண்டும். ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு பருவ ஏடு வைக்கப்பட வேண்டும். பூங்காவின் ஒரு பகுதியிலேனும் புல் வெட்டும் நாளை அந்த ஏடே நிர்ணயிக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

ஒரே நிலம், இரண்டு தாவரக் கூட்டங்கள்

எடுத்துக்காட்டாகத் தலைநகராகிய டில்லியைக் கொள்வோம். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி, ‘ரிட்ஜ்’ எனப்படும் பாறை மேடாக இந்நகரினுள் நீண்டு கிடக்கிறது. அதன் ஒரு புறம் யமுனை ஆறு ஓடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில், 1936-இல் திறக்கப்பட்ட லோடி தோட்டம் முதலாகக் குடியிருப்புகளின் நடுவேயுள்ள சிறு பூங்காக்கள் ஈறாகப் பற்பல பசுந்திடல்கள் அமைந்துள்ளன.

டில்லியில் ஆண்டுக்குக் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி ஜூன் இறுதி வாரம் முதல் செப்டம்பர் வரையில் பெய்து விடுகிறது. அதற்கு முன் கடுங்கோடை, பின்னர்க் கடுங்குளிர். இதன் விளைவாக அந்நகரின் நிலம், மற்றப் பல இடங்களில் காணப்படாத ஒரு வியப்பைத் தன்னகத்தே கொண்டுள்ளது. மழைக்காலத்தில் முளைக்கும் சிறு செடிகள் ஒரு கூட்டம். குளிர்காலத்தில் முளைப்பவை முற்றிலும் வேறொரு கூட்டம். ஒரே சதுர கெஜ மண்ணில் இரு கூட்டங்களின் விதைகளும் ஒருங்கே உறங்குகின்றன. ஒன்று விழித்திருக்கும்போது மற்றொன்று துயில்கிறது.

மழைக்காலக் கூட்டத்தில் உள்ளவை தமிழ்நாட்டினர் நன்கு அறிந்தவையே. கானாவாழை, மூக்கிரட்டை, நெருஞ்சி, பருப்புக்கீரை, தகரை, நாயுருவி முதலியவை ஜூலையில் முளைத்து ஆகஸ்டில் பூக்கின்றன. குளிர்காலக் கூட்டமோ கோதுமை வயல்களில் களையாக வளரும் மிதவெப்ப நாட்டுச் செடிகளைச் சார்ந்தது. கதிரவன் ஒளியில் மலர்ந்து, மேகம் கவிந்தவுடன் மூடிக்கொள்ளும் நீலப் பூவையுடைய அனகாலிஸ், இளஞ்சிவப்புப் பூங்கொத்துடைய ஃபியூமேரியா, மஞ்சள் நிற மெலிலோட்டஸ், பாலுள்ள தண்டினையுடைய சோன்கஸ் ஆகியவை நவம்பரில் முளைத்துப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பூத்துக் காய்க்கின்றன. தென்னாட்டிலிருந்து சென்று டில்லியில் குடியேறியவர், தம் ஊர்ச் செடிகளை ஆகஸ்டில் கண்டு மகிழ்ந்து, அவற்றையே ஜனவரியில் தேடினால் ஏமாற்றமே அடைவர்.

இக்கூட்டங்களில் ஒவ்வொன்றும் தனித்த ஆராய்ச்சிக்கு உரியது. கானாவாழை ஒன்றே போதிய சான்று. அதன் நீல மலர் காலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கி விடுகிறது. அதுவன்றி, மண்ணுக்குள்ளேயும் அது பூக்கிறது. அடித்தண்டிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் கிளைகளில் விரியாத பூக்கள் தோன்றித் தாமே கருவுற்று விதை தருகின்றன. இந்த இருவகைப் பூக்களைப் பற்றிப் பஞ்சானன மகேசுவரியும் ஜே. கே. மகேசுவரியும் 1955-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். உலகப் புகழ்பெற்ற தாவர நூலறிஞர் ஒருவர் தம் கவனத்திற்கு உரியதெனக் கொண்ட செடியை, நாம் களை என்று கூறிப் பிடுங்கி எறிகிறோம்.

மழையும் பூச்சிகளும்

செடிகளின் பருவத்தைப் பின்பற்றிப் பூச்சிகளின் பருவமும் அமைகிறது. முதல் மழை பெய்து மண் நனைந்த மாலையில் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்புகிறது. வெளிச்சமான நாள்களில் தம்பலப்பூச்சிகள் செம்பட்டுத் துணுக்குகளைப் போலத் தரையில் ஊர்கின்றன. எட்டுக் கால்களை உடைய இவ்வுயிர் உண்மையில் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவானது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழையின் தொடக்கத்தில் சில நாள்களே இது வெளிவருகிறது. அந்தச் சில நாள்களில் பார்க்கத் தவறியவர் மறுபடியும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கறுப்பும் செம்மஞ்சளும் பட்டையிட்ட கொப்புள வண்டுகள் பூக்களின் மேல் வந்து அமர்ந்து இதழ்களைத் தின்கின்றன. தோட்டக்காரர்களுக்கு இவற்றின் மேல் வெறுப்பு மிகுதி. ஆயினும் இவற்றின் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளிகளின் முட்டைகளை உண்டு வளர்பவை. தீமையையும் நன்மையையும் ஒரே பூச்சி வெவ்வேறு வயதில் செய்கிறது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிலோ ஏழு புள்ளிகளையுடைய பொறிவண்டுகள் செடிப்பேன்களைத் தேடி வந்து சேர்கின்றன.

பட்டாம்பூச்சிகளுள் சில, பருவத்தைத் தம் இறகிலேயே எழுதி வைத்திருக்கின்றன. மயிற்கண் போன்ற புள்ளிகளையுடைய ஜூனோனியா அல்மானா என்னும் இனத்தில், மழைக்காலத்தில் பிறப்பவற்றின் இறகு விளிம்பு பெரும்பாலும் சீராகவும், அடிப்புறம் கண்புள்ளிகளுடனும் காணப்படும். வறண்ட காலத்தில் பிறப்பவற்றின் விளிம்பு கூர்கூராக வெட்டுண்டது போலிருக்கும்; அடிப்புறம் உலர்ந்த இலையை ஒத்திருக்கும். ஒரே இனமா, இரண்டா என்று ஐயுறும்படி இவ்வேறுபாடு அமைந்துள்ளது. எந்த வாரத்தில் ஒரு வடிவம் குறைந்து மற்றொன்று மிகுகிறது என்று குறித்து வருவது, பள்ளி மாணவர்களும் செய்யத்தக்க பணியாகும்.

வெட்டும் கருவி செய்யும் தேர்வு

இனி, புல் வெட்டுவதால் நேர்வதைப் பார்ப்போம். புளியாரை தரையோடு படர்வது. வெட்டும் கருவியின் அலகு அதற்கு மேலே சென்றுவிடுகிறது. அதனை உண்டு வளரும் சிறு நீலப் பட்டாம்பூச்சி எத்துணைக் கண்டிப்பாகப் பராமரிக்கப்படும் புல்வெளியிலும் பிழைத்திருக்கிறது. டில்லியின் பூங்காக்களில் இப்பூச்சி மலிந்து காணப்படுவதற்கு இஃது ஒரு காரணமாகலாம். இதனைக் கண்டு, பூச்சிகளுக்குக் குறைவில்லை என்று ஒருவர் எண்ணுதல் கூடும். ஆனால் நாம் காண்பது, கருவி விட்டுவைத்த பூச்சியை மட்டுமே.

தகரை அவ்வாறு தரையோடு கிடப்பதன்று. முழங்கால் அளவுக்கு மேலும் வளர்ந்தே பூக்கும். மஞ்சள் நிறச் சிறு பட்டாம்பூச்சியும், வெளிர்பச்சை கலந்த வெண்ணிறப் பட்டாம்பூச்சியும் அதன் இலைகளில் முட்டையிடுகின்றன. ஆகஸ்டு நடுவில் திடலைச் சீராக்கும்போது தகரையோடு முட்டைகளும் புழுக்களும் ஒருங்கே குப்பைக்குச் செல்கின்றன.

எருக்கும் பருப்புக்கீரையும் இன்னும் நுட்பமான ஓர் உறவைக் காட்டுகின்றன. செம்மஞ்சள் நிறமுள்ள வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று, அதிலுள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஆதலால் பறவைகள் அப்பூச்சியை உண்ண விரும்புவதில்லை. ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்னும் வேறோர் இனத்திற்கு இந்நஞ்சு இல்லை. ஆயினும் அதன் பெண் பூச்சி, வெந்தய வரியனைப் போன்ற தோற்றத்தைக் கொண்டு பறவைகளை ஏமாற்றிப் பிழைக்கிறது. ஆண் பூச்சியோ கரிய இறகில் வெண்திட்டுகளுடன் முற்றிலும் வேறாக இருக்கும். இந்த இனத்தின் புழு வளர்வது பருப்புக்கீரையில். எருக்கு அகற்றப்பட்ட இடத்தில் வெந்தய வரியன் குறையும். அது குறைந்தால் அதன் வேடம் பூண்ட பூச்சிக்குக் காவலும் குறையும். பருப்புக்கீரையை அகற்றினால் வேடதாரியே இல்லாமற் போகும். பாடநூலில் படம் வரைந்து விளக்கப்படும் இந்த உண்மையை, வேலியோரத்தில் இரண்டு களைச்செடிகளை விட்டுவைத்தால் நேரிலேயே காணலாம்.

தேதிக்குள்ள மதிப்பு

பார்த்தல் ஒன்று, தேதியுடன் குறித்தல் வேறொன்று. தேதியில்லாத குறிப்பு நினைவாக மட்டுமே நிற்கும். தேதியுள்ள குறிப்பு பிறர்க்கும் பயன்படும்; எழுதியவர் மறைந்த பின்னும் பயன்படும்.

ஜப்பானில் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூத்த நாள்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து நாட்குறிப்புகளில் இடம்பெற்றுள்ளன. அவற்றை எழுதிய அரசவையினரும் துறவிகளும் தட்பவெப்ப ஆராய்ச்சியைக் கருதி எழுதவில்லை. விழா எடுப்பதற்காகவே எழுதினர். எனினும், 2021 மார்ச்சு 26-இல் மரங்கள் முழுமையாகப் பூத்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளில் இத்துணை முன்னதாகப் பூத்ததில்லை என்று கூற முடிந்தது அவர்களால்தான். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் வசந்தத்தின் அறிகுறிகளைத் தம் பண்ணையில் குறிக்கத் தொடங்கினார். அவருடைய வழித்தோன்றல்கள் 1958 வரையில் அப்பணியைத் தொடர்ந்தனர்.

நம் நாட்டோடு தொடர்புடைய சான்றும் உண்டு. மழைக்காலத்தின் பிற்பகுதியில் நம் பூங்காக்களின் மேல் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பொன்னிறத் தட்டானைப் பலரும் கண்டிருப்பர். மாலத்தீவுகளில் வாழ்ந்த கடலுயிர் நூலறிஞர் சார்லஸ் ஆண்டர்சன், அத்தட்டான்கள் அக்டோபர் முதல் பெருந்திரளாக அத்தீவுகளுக்கு வருவதைப் பல ஆண்டுகள் குறித்து வந்தார். அங்கே தட்டான்கள் பெருகுதற்குரிய நன்னீர் நிலைகள் இல்லை. தம் குறிப்புகளைக் காற்றின் திசையோடு ஒப்பிட்டு, இந்தியாவிலிருந்து புறப்படும் தட்டான்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவை அடைகின்றன என்னும் முடிபை அவர் 2009-இல் வெளியிட்டார். பூச்சியியல் அவருடைய தொழில் அன்று. வந்த நாளையும் போன நாளையும் விடாமல் குறித்ததே அவருக்குக் கருவியாயிற்று.

டில்லியைப் பொறுத்தவரையில் அடித்தளம் முன்பே இடப்பட்டுள்ளது. மேலே கூறிய ஜே. கே. மகேசுவரி எழுதிய ‘டில்லியின் தாவரங்கள்’ பற்றிய ஆங்கில நூலை, விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 1963-இல் வெளியிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த ஏட்டோடு இன்றைய நிலையை ஒப்பிட விரும்புவோர்க்கு இன்றைய குறிப்புகள் வேண்டும். 2010-இல் தொடங்கிய ‘சீசன்வாட்ச்’ என்னும் முயற்சி, பொதுமக்களையும் பள்ளி மாணவர்களையும் கொண்டு மரங்களின் தளிர், பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் குறித்து வருகிறது. மரங்களுக்குக் கிடைத்த இக்கவனம், காலடியில் வளரும் பூண்டுகளுக்கும் அவற்றின் பூச்சிகளுக்கும் கிடைக்க வேண்டும். மரத்தை ஒருவர் வெட்டினால் ஊர் கேட்கிறது. பூண்டினம் ஒன்று பூங்காவிலிருந்து மறைந்தால், அது அங்கே இருந்ததற்கே சான்று இல்லாமற் போகிறது.

தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுபவற்றுள் முதன்மையானது கொசுவைப் பற்றியது. டில்லியில் டெங்குக் காய்ச்சல் ஆகஸ்டு முதல் நவம்பர் வரையில் மக்களை வருத்துவது உண்மை. அதனைச் சிறிதாகக் கருதுதல் தகாது. ஆனால் அந்நோயைப் பரப்பும் ஈடிஸ் கொசு முட்டையிடுவது தொட்டி, வாளி, பழைய டயர், குளிர்விப்பான் ஆகியவற்றில் தேங்கும் நீரில்; பூண்டுகளின் மேல் அன்று. ஆதலால் தேங்கிய நீரை அகற்றுவதே தலையாய தடுப்பு. புகை அடித்தலோ கொசுவை மட்டும் தேர்ந்து கொல்வதில்லை. பொறிவண்டும் தேனீயும் அதற்கு இலக்காகின்றன. நோய் கண்ட இடத்தில் மருத்துவத் துறையினர் கூறும்போது அதனைக் கையாளலாம். வழக்கமாகக் கையாளுதல் வேண்டா.

பாம்புக்கு அஞ்சுவோர் உண்டு. குழந்தைகள் விளையாடும் திடலையும் நடைபாதையின் இரு மருங்கையும் வெட்டியே வைக்கலாம். விட்டுவைக்க வேண்டுவது மதிலோரமும், மக்கள் நடமாடாத மூலையுமே. அதனைச் சுற்றி ஒரு கயிறும், காரணம் கூறும் ஒரு பலகையும் இருந்தால், பராமரிப்பின்மை என்று எவரும் குறை கூறமாட்டார்.

களையெல்லாம் நல்லவை என்று இக்கட்டுரை கூறவில்லை. 1950-களில் பூனாவில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் தோல் நோயையும் ஒவ்வாமையையும் உண்டாக்குவது. அதனைப் பூக்குமுன் பிடுங்குதல் வேண்டும். இங்கும் பருவ ஏடு துணை செய்யும். பூக்கும் வாரம் தெரிந்தால்தானே அதற்கு முந்திய வாரத்தில் பிடுங்க முடியும்? பார்த்தீனியத்தைத் தின்பதற்காக மெக்சிகோவிலிருந்து கொணரப்பட்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட சைகோகிராம்மா வண்டு, மழைக்காலத்தில் அதன் இலைகளைச் சல்லடையாக்கி வருகிறது. அவ்வண்டு எந்தப் பூங்காவை எப்போது அடைந்தது என்பதும் குறிக்கத்தக்கதே. எல்லாவற்றையும் ஒருசேர வெட்டுபவர்க்குத் தீய களைக்கும் நல்ல பூண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. பார்ப்பவர்க்கே அது தெரியும்.

பயிற்சியில்லாத மக்கள் எழுதும் குறிப்புகள் பிழைபடும் என்பர். பிழைபடலாம். ஆனால் ஒரே செடியைப் பலர் பல நாள் பார்க்கும்போது பிழை திருந்துகிறது. ஐயம் எழுந்தால் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பெயர் தெரியாவிடினும் குற்றமில்லை. ‘மதிலோர நீலப்பூ’ என்று எழுதித் தேதியிட்டால், பெயரைப் பின்னர் அறிஞர் கூறுவர். தேதியைப் பின்னர் எவரும் கூற இயலாது.

செய்ய வேண்டியவை

பூங்காப் பரப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் பருவப் பகுதியாக ஒதுக்குதல் வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறையும் குளிர்காலத்தில் ஒரு முறையும் இரு கூட்டச் செடிகளும் பூத்துக் காய்த்து விதை உதிர்க்கும் வரையில் அங்கே வெட்டலாகாது. பத்துச் செடிகளில் ஏழேனும் விதை உதிர்த்துவிட்டன என்று ஏடு காட்டிய பின் வெட்டலாம். அப்போதும் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல் பாதியை இரு வாரம் கழித்து வெட்டுதல் நன்று. வெட்டியதை இரண்டு நாள் அங்கேயே கிடக்க விட்டால், அதிலுள்ள புழுக்கள் அடுத்த செடியை நாடிச் செல்ல வழியுண்டு.

ஏட்டை எழுதும் பொறுப்பை அருகிலுள்ள பள்ளி ஏற்கலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே பாதையில் நடந்து, பூத்த செடிகளையும் காணப்பட்ட பூச்சிகளையும், பூச்சி எந்தச் செடியில் என்ன செய்தது என்பதையும், வானிலையையும் குறித்தால் போதும். ‘இவ்வாரம் காணவில்லை’ என்பதையும் தவறாமல் எழுத வேண்டும். இல்லாமையும் ஒரு செய்தியே. ஓராண்டின் மாறுதலைக் கொண்டு தட்பவெப்பம் மாறிவிட்டதென்று முடிவு கட்டுதல் கூடாது. பத்தாண்டு ஏடு சேர்ந்த பின்னரே அதனைப் பற்றிப் பேசலாம். பூங்காவின் தோட்டக்காரரையும் இதில் சேர்த்துக்கொள்ளுதல் மிகவும் அவசியம். எந்தப் பூண்டு எந்த மழைக்குப் பின் தலைதூக்கும் என்பதை நாள்தோறும் மண்ணில் வேலை செய்யும் அவரைப் போல் அறிந்தவர் எவருமிலர். அவர் அறிவு இதுகாறும் ஏட்டில் ஏறவில்லை. பள்ளி மாணவன் எழுதுகோலைப் பிடிக்க, தோட்டக்காரர் சொல்லித் தரும் ஏற்பாடு இருவர்க்கும் பயன் தரும்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வெட்டும் வேலை குறைவதால் ஓரளவு மிச்சமும் உண்டாகும். வேண்டுவது ஓர் உத்தரவு: பருவப் பகுதியில் புல் வெட்டும் ஆணையில் கையெழுத்திடுமுன், பொறுப்பு அலுவலர் அவ்வாரத்துப் பருவ ஏட்டைப் பார்த்தல் வேண்டும் என்பதே அது. நகராட்சிகள் அடுத்த மழைக்காலத்திற்கு முன் அவ்வுத்தரவைப் பிறப்பிக்குமாயின், கானாவாழையின் முதற் பூ விரியும் காலையில் முதல் ஏட்டின் முதல் வரி எழுதப்படும்.